ஷோகேஸில் இருந்த ஒட்டக டப்பா

தொண்ணூற்று நான்காம் வருஷத்து நாட்காட்டியிலிருந்து இரண்டு தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. செப்டம்பர், அக்டோபர். நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும், அந்த நாட்காட்டி நம் வீடுகளில் என்னவெல்லாம் செய்தது என்று. பசு சினை பிடித்த நாள், கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், பால்காரர் வராத நாள் எல்லாம் அதன் கட்டங்களில் கிடக்கும். அச்சடித்திருப்பது மலையாளம், நாம் பென்சிலால் கிறுக்குவது தமிழ். என்னுடைய இரண்டு தாள்களில் அப்படி எதுவும் இல்லை. முன்னறை நாலு, சமையலறை இரண்டு, பரண் பூஜ்யம் என்று நாள்தோறும் பூச்சிக் கணக்கு மட்டும். எழுதியவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தில், பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் பஸ்ஸில் நாலாவது நிறுத்தம் எங்கள் ஊர். வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா, அவர் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த சித்தி, எல்லோருக்கும் மேலே அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். கணவர் இறந்தபின் தம்பிமாரை வளர்த்து ஆளாக்கியவள் என்பதால் அரிசிப்பெட்டிச் சாவியும் ஷோகேஸ் சாவியும் அவள் இடுப்பில் தொங்கின. அவளுக்கு ஒரே மகன், கல்ஃபில் இருந்தான். எனக்கு அத்தான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் சட்டைகூட மாற்றவில்லை. உப்புமாவுக்காக அம்மா ரவை டின்னைத் திறந்தாள். திறந்ததும் முகத்தில் ஏதோ அடித்தது போலப் பின்னால் சாடினாள். ஒரு சின்னப் பூச்சி. இறக்கையின் மேல்பாதி சாம்பல், கீழ்ப்பாதி பழைய செம்புப் பாத்திரத்தின் நிறம். டின்னுக்குள் ரவை உதிரியாக இல்லை. சிலந்தி நூல் கோத்ததுபோல் கட்டி கட்டியாகத் தொங்கியது. கரண்டியால் ஒரு கட்டியை அம்மா தூக்க, அதிலிருந்து வெள்ளைப் புழு ஒன்று நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அருவருப்பில் இல்லை, சந்தோஷத்தில். எங்கள் வீட்டில் ஒருவழியாக ஒரு சங்கதி நடக்கிறது!

அத்தை வந்து பார்த்தாள். "அந்தாக்கும்," என்றாள். அந்துப்பூச்சி என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். "எனக்கு அறிவு வச்ச நாள்லேருந்து இந்த அடுக்களையில அந்து கிடையாது. எங்க இருந்தாவது வந்திருக்கணும்லா?"

சொல்லிவிட்டு நிமிர்ந்து பரணைப் பார்த்தாள். எல்லோரும் பரணைப் பார்த்தோம். தேங்காய் துருவிக்கொண்டிருந்த சித்தி மட்டும் பார்க்கவில்லை.

பரணில் ஒரு சாக்கு வாட்டு மரச்சீனி, அதாவது உலர்த்திய மரவள்ளிக்கிழங்கு, இருந்தது. சித்தியின் வீடு வெள்ளறடைக்கும் மேலே, மலையடியில். மரச்சீனியைக் கொத்தி, அவித்து, பாறையில் பரப்பி வெயில் வைத்து அவர்கள் வருஷம் முழுவதும் வைத்திருப்பார்கள். கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்குப் போய்த் திரும்பும்போது மகளோடு சித்தியின் அப்பா ஏற்றிவிட்ட சாக்கு அது. அடித்தால் டங் டங் என்று சத்தம் கேட்கும். முகர்ந்தால் வெயிலும் புகையும் கலந்த ஒரு வாசம் வரும். நான் ஒரு துண்டை எப்போதும் வாயில் அதக்கி வைத்திருப்பேன், பள்ளிக்கூடத்தில்கூட.

கல்யாணம் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. பூச்சி வந்தது அடுத்த மாதக் கடைசி. இடையில் வீட்டுக்குள் வந்த புதுச் சரக்கு ஒன்றே ஒன்று. பெரியவர்களுக்கு இந்தக் கணக்கே போதுமாக இருந்தது.

அடுத்த மூன்று வாரங்கள் யுத்தம் நடந்தது. அம்மா எல்லா டின்களிலும் வேப்பிலை போட்டாள். பாயசத்தில்கூடக் கசப்பு வந்தது. அரிசிக்குள் வசம்பும் காய்ந்த மிளகாயும் புகுந்தன. அப்பா மேஜை விசிறியைச் சமையலறைக்குக் கொண்டுவந்து ஓடவிட, பூச்சிக்குப் பதில் கோதுமை மாவு பறந்து அவர் மீசை நரைத்தது. சித்தப்பா ஷட்டில் மட்டையோடு பாய்ந்து இரண்டு பூச்சியையும் ஒரு டியூப் லைட்டையும் அடித்தார்.

"லைட்டு எத்தனை முட்டை போட்டிருந்துது?" என்று சித்தி மெதுவாகக் கேட்டாள்.

"ஒனக்குச் சிரிப்பு. எனக்க கையில கண்ணாடி குத்தினதாக்கும்."

"காட்டுங்க, பூச்சி கடிச்சதான்னு பாப்போம்."

சித்தி அப்படித்தான். பத்தொன்பது வயது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லாமரத்தில் ஏறுவாள். என்னோடு ஒரே பாயில் சோழி விளையாடித் தோற்றால் அழுகிற மாதிரி நடிப்பாள். ஆனால் அத்தை முன்னால் அவள் வாய் பூட்டிக்கொள்ளும். அந்த மூன்று வாரமும் சாக்கைப் பற்றி ஒரு வார்த்தை அவள் பேசவில்லை.

கணக்கு எழுதும் யோசனை என்னுடையது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், விளக்கு ஏற்றுவதற்கு முன்னால், ஒவ்வோர் அறையாகப் போய் உட்கார்ந்திருக்கும் பூச்சிகளை எண்ணுவேன். பகலில் அவை பறக்காது. சுவரோடு ஒட்டி, மரத்துணுக்கு மாதிரி கிடக்கும். எண்ணி முடித்துவிட்டுத்தான் அடிப்பேன். இல்லாவிட்டால் மறுநாள் கணக்கு பிசகிவிடும். இந்த ஒழுங்கை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கும் மழை அளவையும் மின்வெட்டு நேரத்தையும் குறித்து வைக்கும் என் கிறுக்கு அங்கேதான் பிடித்தது.

அக்டோபர் மூன்றாம் வாரம் அத்தை தீர்ப்புச் சொன்னாள். கஞ்சி குடிக்கும் நேரம். அவள் கஞ்சியில் ஒரு புழு மிதந்தது.

"வாற ஞாயிறு இவளுக்க அப்பா வாறாருல்லா, அந்தச் சாக்க அப்பிடியே அவருக்கு ஆட்டோவுல ஏத்தி விட்டிரு," என்றாள் சித்தப்பாவிடம்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெண் வீட்டிலிருந்து வந்த சாதனத்தைக் குப்பையில் போடலாம், மாட்டுக்குக் கொடுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். வந்தவர் கையில் திருப்பிக் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதற்குப்பின் அந்த வீட்டார் இந்தப் படி ஏறமாட்டார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு குலை பழம் அப்படித் திரும்பிப் போய், அக்காவும் தங்கையும் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தார்கள்.

"அக்கா, அத நாம ஆத்துல..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"ஆத்துல களஞ்சா அவங்களுக்கு எப்பிடித் தெரியும், புழுத்த சாதனத்தத் தந்து விட்டோம்னு?"

சித்தி எழுந்து கிணற்றடிக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். அழுவாள் என்று நினைத்தேன். இல்லை. வெறுமனே வாளியைக் கிணற்றில் விட்டு இழுத்து, தண்ணீரை மறுபடியும் கிணற்றிலேயே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, மரச்சீனியில பூச்சி இல்ல. பரண்ல நான் ஒருநாளும் ஒண்ணுகூடப் பாக்கல்ல."

"தெரியும் மக்கா. மரச்சீனியில வாறது கறுத்த வண்டு. பொடிப்பொடியா துளைக்கும். இந்தப் பூச்சி அதத் தொடாது."

"அப்போ சொல்லப்பிடாதா?"

"சொன்னா பின்ன எங்க இருந்து வந்துதுன்னு கேப்பாங்க."

அந்தப் பதிலில் ஏதோ இருப்பது அப்போதே உறைத்தது. நேராகச் சமையலறைக்குப் போய் நாட்காட்டியைப் பார்த்தேன். மூன்று வாரமாக எழுதினேனே தவிர, ஒருநாளும் வாசித்துப் பார்க்கவில்லை. வாசித்தேன். எல்லா நாளும் கூடுதல் முன்னறையில். தின்கிற பொருள் ஒன்றுமே இல்லாத முன்னறையில்!

ஓடிப்போய் முன்னறை நடுவில் நின்றேன். சோபா, அதன்மேல் பிளாஸ்டிக் உறை. சுவரில் கடிகாரம். மூலையில் ஷோகேஸ். கண்ணாடி மீன், பிளாஸ்டிக் திராட்சைக் குலை, மூடி திறக்காத செண்ட் குப்பி, நடுத்தட்டில் சின்னக் குடம் அளவுக்கு ஒட்டகப் படம் போட்ட டப்பா. ஷோகேஸின் மேல்விளிம்பிலிருந்து கூரை மூலைவரை, சுவரில், ஒரு கை இடைவெளிக்கு ஒன்றாகப் புழுக்கள் ஏறிக்கொண்டிருந்தன. கூடு கட்டும் பருவத்தில் இந்தப் புழு தின்ற இடத்தை விட்டு உயரமான இடம் தேடிப் போகும் என்று பிற்பாடு ஒரு புத்தகத்தில் வாசித்தேன். அன்று எனக்கு அது தெரியாது. எந்தப் புழுவும் கீழே இறங்கவில்லை, எல்லாம் ஷோகேஸிலிருந்து புறப்படுகின்றன என்பது மட்டும் தெரிந்தது.

சித்தி பின்னால் வந்து நின்றிருந்தாள். "கண்டாச்சா?" என்றாள்.

"சித்தி! டப்பா!"

அவள் என் வாயைப் பொத்தினாள். கையில் தேங்காய் எண்ணெய் மணத்தது. "சொல்லாதே மக்கா. அது அவங்களுக்க மவன் அனுப்பினதாக்கும்."

அந்த டப்பாவின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். முந்தின வருஷம் ஓணத்துக்கு ஊர் வந்த ஒரு நண்பர் வழியாக அத்தான் அனுப்பியது. பிஸ்தா, பாதாம், உலர்ந்த திராட்சை. அந்த நண்பர் திண்டாடித் திண்டாடி ஒரு காரியம் சொன்னார்: "அம்மா, சீக்கிரம் பொட்டிச்சிருங்க. அவன் பிரத்யேகம் சொல்லி விட்டான்." அத்தை சிரித்தாள். "கல்ஃப் சாதனம் கெடுமா? அவன் வந்து பொட்டிக்கட்டும்." டப்பா திறக்காமலே ஷோகேஸில் ஏறியது. நம் வீடுகளில் கல்ஃபிலிருந்து வந்த எதையும் நாம் உடனே திறந்ததில்லையே. சோப்பை மணம் போனபிறகுதான் பிரித்தோம். கம்பளியை உறையோடு மூடிப் படுத்தோம்.

ஆனால் அத்தான் வரவில்லை. கடிதமும் சுருங்கியது. புதுவருஷத்துக்கு நாலு வரி. பிறகு அதுவும் இல்லை. அத்தை சொல்லச் சொல்ல நான்தான் கடிதம் எழுதுவேன். மழை, பசு, சித்தப்பா கல்யாணம். பதில் இல்லை. தினமும் காலையில் அவள் ஷோகேஸைத் துடைக்கும்போது டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து, துடைத்து, ஒட்டகம் வெளியே தெரிகிற மாதிரி வைப்பாள்.

கல்யாணத்தன்று பந்தி போட இடம் வேண்டி ஷோகேஸை நகர்த்தினார்கள். டப்பா விழுந்து மூடி ஒருபக்கம் நெளிந்தது. அத்தை உலக்கையால் தட்டிச் சரிசெய்து வைத்தாள். ஆக, அந்த நாட்களில் இரண்டு காரியம் நடந்திருந்தது. வீடு ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. முட்டை டப்பாவோடேயே வந்ததா, நெளிந்த மூடி வழியாக உள்ளே போனதா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

"ஞாயிறு சாக்கு போயிருமே சித்தி."

"போட்டும். சாக்குதானே."

சாக்கு மட்டுமில்லை என்பது எனக்கே தெரியும்.

ஞாயிறு வந்தது. நாலு நாளாக மழை இல்லாமல் பளிச்சென்ற வெயில். சித்தப்பா தலை நிமிராமல் சாக்கை இறக்கி வாசல்படியில் வைத்தார். பத்து மணிக்கு ஆட்டோவில் சித்தியின் அப்பா வந்தார். கையில் ஒரு சேனைக்கிழங்கும், தேன் குப்பியும். சாக்கைப் பார்த்தார். கட்டு அவர் போட்ட கட்டு, அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சாயாவைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

அத்தைதான் தொடங்கினாள். "ஒண்ணும் நெனைக்கப்பிடாது. ஒங்க மரச்சீனி வந்தபெறவு வீடு முழுக்க அந்து. நீங்களே கொண்டு போயிருங்க."

அவர் எழுந்து போய்ச் சாக்கின் கட்டை அவிழ்த்தார். கையை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஒடித்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக் கடித்தார். அந்தச் சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது.

"இதுல அந்து எங்க அக்கா?" என்றார். கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை. சித்தி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் தோளில் பை இருந்தது. விருந்துக்குப் போகிற பை அவ்வளவு பெரிதாக இருக்காது.

நான் சித்தி சொன்னதை மீறினேன். சமையலறைக்கு ஓடி, நாட்காட்டியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து நடுவில் நின்று வாசிக்கத் தொடங்கினேன். "வியாழன், முன்னறை மூணு, சமையலறை ரெண்டு, பரண் பூஜ்யம். வெள்ளி, முன்னறை நாலு, சமையலறை ஒண்ணு, பரண் பூஜ்யம். சனி..."

"இது என்ன, சர்ச்சுல வாசிக்கிற குர்பானையா?" என்றார் சித்தப்பா.

"வாசிக்கட்டும்லே," என்றார் அப்பா. "வக்கீலாக்கும்."

இருபத்து நாலு நாளையும் வாசித்தேன். ஒவ்வொரு பரண் பூஜ்யத்துக்கும் சித்தியின் அப்பா தலையாட்டினார். முடித்துவிட்டு ஷோகேஸைக் கை காட்டினேன். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு புழு, யாரும் தொட முடியாத தைரியத்தில், மேலே போய்க்கொண்டிருந்தது.

அத்தையின் முகம் சிவந்தது. "எனக்க மவன் அனுப்பின சாதனத்துலயா? கல்ஃப்லேருந்து வந்ததுலயா புழு? பாருங்க, எல்லாரும் நல்லா பாருங்க!" இடுப்புச் சாவியால் ஷோகேஸைத் திறந்தாள். டப்பாவை எடுத்து மடியில் வைத்து, கரண்டிக்காம்பை மூடிக்குள் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள்.

மூடி தெறித்தது. உள்ளேயிருந்து பூச்சிகள் எழும்பின. பத்தா, இருபதா, அந்த ஒரு நாள் மட்டும் நான் எண்ணவில்லை. செம்பு நிறத்தில் அவள் முகத்தைச் சுற்றிப் பறந்து, வெயில் வந்த வாசலைப் பார்த்துப் போயின. நான் கத்தினேன். சந்தோஷத்தில் குதித்தேன் என்றே ஞாபகம். ஜெயித்துவிட்டேனே!

அத்தை அசையவில்லை. கரண்டி கையில் அப்படியே இருந்தது. மற்ற எல்லோரும் பூச்சியைப் பார்க்க, சித்தி அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் குதிப்பதை நிறுத்தினேன்.

"ஒனக்குத் தெரியுமா?" என்று சித்தியிடம் அத்தை கேட்டாள்.

"தெரியும் மைனி."

"பின்ன ஏன்டீ பறயல்ல?"

"மவன் வந்து பொட்டிக்கட்டும்னு வச்சிருந்தது. நான் எங்ஙன..."

அம்மா அரிசி புடைக்கும் சொளவைக் கொண்டுவந்து நீட்டினாள். அத்தை டப்பாவை அதில் கவிழ்த்தாள். நூல் பிடித்த கட்டிகளும் தூளும் ஓடுகளும் பொத்தென்று விழுந்தன. கடைசியாக, டக் என்று வேறொரு சத்தம். இரண்டு பிளாஸ்டிக் உறையில் சுற்றி ரப்பர் வளையம் போட்ட ஒரு கேஸட். காகிதத்தில் அத்தானின் எழுத்து: அம்மைக்கு மட்டும்.

அம்மைக்கு மட்டும் என்று எழுதியிருந்தும் எட்டுப் பேர் சுற்றி நின்று கேட்டோம்; ஆட்டோக்காரர் உட்பட. அத்தான் முதல் தடவை வந்தபோது கொண்டுவந்த டேப் ரெக்கார்டர்தான். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அவன் தொண்டையைச் செருமினான். அத்தை கைகூப்பினாள், எதற்கென்று தெரியாமல்.

"அம்மே, நானாக்கும். மொதல்ல பிஸ்தாவ தின்னு. தின்னாச்சா? இனி கோவப்படாம கேளு. இங்க ஒரு குட்டி உண்டு. நர்ஸாக்கும். பொழியூர் கடப்புறம், அவளுக்க அப்பா கடலுக்குப் போறவரு. பள்ளியில போற கிறிஸ்தியானிங்க. கடுதாசியில எழுதினா மாமன்மாரு வாசிப்பாங்க, அதான் டேப்புல. ஒனக்கு சம்மதம்னா ஒரு வரி எழுது. இல்லேன்னா ஒண்ணும் எழுத வேண்டாம், நான் மனசிலாக்கிக்கிடுவேன்."

பிறகு பசுவைக் கேட்டான். என்னைக் கேட்டான். டேப் ஓடி நின்றது.

பதினாலு மாதம். மழை என்றும் பசு என்றும் நாங்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் அவன் பிரித்து, அந்த ஒரு வரியைத் தேடியிருக்கிறான். இல்லை என்பதே பதில் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். அத்தையோ, மகன் மறந்துவிட்டான் என்று டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பேச்சை முதலில் எடுத்தவர் சித்தியின் அப்பா. வாயில் இன்னும் மரச்சீனி. "கடப்புறத்துக் குட்டின்னா மீன்கறி ஜோரா வைக்கும் அக்கா. இதுக்கு நல்ல சேர்ப்பாக்கும்."

அத்தை அவரைப் பார்த்தாள். படியில் வாய் திறந்து கிடந்த சாக்கைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எட்டீ, நீ என்ன பையும் தூக்கிட்டு நிக்க? சாக்க உள்ள எடு. நாலு கொத்து வெள்ளத்துல ஊறப் போடு. ஒனக்க அப்பா சாப்பிடாம இந்தப் படி இறங்கப்பிடாது." அப்புறம் என்னிடம், "நீ கடுதாசி எடு மக்கா."

விமானத்தபால் தாளை நான் எடுத்து வந்தேன். வழக்கமாக அவள் இரண்டு பக்கம் சொல்வாள். அன்று சொன்னது இவ்வளவுதான்: "சம்மதம். கூட்டிட்டு வா. டப்பாய இன்னைக்குத்தான் பொட்டிச்சோம்." நான் எழுதி முடித்ததும் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "பூச்சி காரியம் ஒண்ணும் எழுதாதே, கேட்டியா." நான் எழுதவில்லை.

பரண் பூஜ்யமும் சமையலறைப் பூஜ்யமும் முன்னறைப் பூஜ்யமும் ஒரே கட்டத்தில் விழுந்த முதல் நாளுக்கு அக்டோபர் தாளில் வட்டம் போட்டிருக்கிறேன். அது கடைசிச் சனிக்கிழமை. நவம்பர் தாள் என்னிடம் இல்லை. ஆனாலும் நினைவிருக்கிறது, அத்தானின் பதில் வந்தது நவம்பரில், ஒரு திங்கட்கிழமை, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நனைந்த குடையை விரித்து வைத்துக்கொண்டிருந்தபோது. மூன்று பக்கம். அத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். கடைசி வரியில் அவன் கேட்டிருந்தான்: பிஸ்தா எப்படி இருந்தது?

அத்தை விமானத்தபால் தாளை என் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"எழுது," என்றாள். "நல்ல ருசி. உப்பு மட்டும் இத்திரி கூடுதல்."